மலிவுப் பெட்டியின் குணமும் குற்றமும்

ஒரு பொருளை மதிப்பிடப் புகுவோருள் இரு சாரார் உளர். விலை குறைந்ததென்று அறிந்த அளவிலேயே இகழ்ந்து ஒதுக்குவோர் ஒரு சாரார். விலை குறைந்ததென்று அறிந்த அளவிலேயே மகிழ்ந்து வாங்குவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் விலைச்சீட்டைப் பார்த்தவரேயன்றிப் பொருளைப் பார்த்தவரல்லர். திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தில், ஒருவனிடத்துள்ள நன்மையையும் குறையையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்து, விஞ்சி நிற்பது யாதோ அதனைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும் என்று நெறி வகுத்தார். ஆளைத் தேர்வதற்கு அவர் வகுத்த அந்நெறி பொருளைத் தேர்வதற்கும் பொருந்தும். அதனைத் துணைக்கொண்டு, ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களில் தமிழர் இல்லங்களில் தொலைக்காட்சிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் மலிவான டி.வி.டி. பெட்டியை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ப் பண்டிதருக்கு மின்பெட்டியில் என்ன வேலை என்று நேயர் வினவலாம். வினா நியாயமானதே. கல்வி ஓலையில் இருந்த காலத்தில் ஏட்டைக் காப்பது புலவர் தொழிலாய் இருந்தது. இன்றோ நம் இல்லத்துத் திருமணமும், பிள்ளைகளின் அரங்கேற்றமும், ஊர்க் கோயில் திருவிழாவும், கூத்தும், மறைந்த பெரியோரின் குரலும் வட்டினுள் அடங்கிக் கிடக்கின்றன. ஆதலின் அவ்வட்டைப் படிக்கும் பெட்டியைப் பற்றிப் பேசுவதும், ஒருவகையில், ஏட்டைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

வட்டும் பெட்டியும்

டி.வி.டி. என்னும் முறை 1995ஆம் ஆண்டிலே பெருங் கம்பனிகள் பல கூடி உடன்பட்ட பொதுவிதியாக உருப்பெற்றது. மறு ஆண்டு நவம்பர் மாதத்தில் யப்பானில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. வட்டின் குறுக்களவு 12 சதமமீற்றர், கனம் 1.2 மில்லிமீற்றர். 0.6 மில்லிமீற்றர் கனமுள்ள இரண்டு தகடுகளை ஒட்டி இவ்வட்டை ஆக்குகின்றனர். எழுத்து அவ்விரண்டுக்கும் நடுவே பாதுகாப்பாக இருக்கிறது. இதற்கு மூத்ததாகிய சீ.டீ. இறுவட்டில் எழுத்து மேற்பக்கத்துப் பெயரின் அடியிலேயே இருப்பதால், அப்பக்கத்தில் ஆழ்ந்த கீறல் விழுந்தால் எழுத்தே உரிந்து போகும். டி.வி.டி.க்கு அந்த அச்சம் குறைவு. ஆனால் இதில் எழுத்து மிக நெருக்கமானது. சீ.டீ.யில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 1.6 மைக்கிரோமீற்றர், டி.வி.டி.யில் 0.74 மைக்கிரோமீற்றர். இந்நெருக்கத்தினாலேதான், ஏறத்தாழ எழுபது கோடி பைற்று கொள்ளும் சீ.டீ.யின் பரப்பளவிலேயே, இஃது ஒரு படையில் 470 கோடி பைற்றைக் கொள்கிறது.

நெருங்கிய எழுத்தைப் படிக்கக் கூரிய கண் வேண்டும். பெட்டியிலுள்ள லேசர் ஒளியே அக்கண். டி.வி.டி.க்கு 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள செவ்வொளியும், சீ.டீ.க்கு 780 நனோமீற்றர் அலைநீளமுள்ள, நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளியும் தேவை. எனவே ஒரு பெட்டிக்குள்ளே இவ்விரண்டு ஒளிகளும் இருத்தல் வேண்டும். வட்டைச் சுழற்றும் மோட்டாரும், படித்ததைப் படமும் ஒலியுமாக விரிக்கும் ஒரு சில்லும், மின்வழங்கியும் சேர்ந்தால் பெட்டி முற்றுப்பெறும். விலையுயர்ந்த பெட்டிக்கும் மலிவுப் பெட்டிக்கும் தத்துவம் ஒன்றே. கண்ணாடியின் துல்லியம், உலோகத்தின் கனம், மின்வழங்கியின் தரம் ஆகியவற்றிலேதான் வேறுபாடு. அவ்வேறுபாடு எங்கே கேடு செய்கிறது, எங்கே கேடு செய்யவில்லை என்பதே நாம் காண வேண்டியது.

உலகை அறுத்த தேசப்படம்

மலிவுப் பெட்டியின் தலையாய குணத்தை அறிய விரும்புவோர், டி.வி.டி.யை ஆக்கியோர் வரைந்த ஒரு தேசப்படத்தை முதலில் அறிதல் வேண்டும். திரைப்படங்களை ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு விலைக்கு விற்க விரும்பிய கம்பனிகள், உலகை ஆறு வலயங்களாக வகுத்தன. ஒரு வலயத்துக்கென்று அச்சிட்ட வட்டு மற்றொரு வலயத்துப் பெட்டியில் ஓடாதபடி பூட்டும் இட்டன. கனடாவும் அமெரிக்காவும் முதலாம் வலயம். பிரித்தானியாவும் பிரான்சும் சுவிற்சர்லாந்தும் இரண்டாம் வலயம். சிங்கப்பூரும் மலேசியாவும் மூன்றாம் வலயம். அவுஸ்திரேலியா நான்காம் வலயம். இலங்கையும் இந்தியாவும் ஐந்தாம் வலயம். சீனா ஆறாம் வலயம்.

இப்பட்டியலை ஈழத் தமிழர் ஒருவர் படிக்கும்போது அவர் நெஞ்சில் எழுவது வியாபாரக் கணக்கன்று, குடும்பக் கணக்கு. 1983ஆம் ஆண்டுக்குப் பின் நம்மவர் சிதறிச் சென்ற திசைகளே இவை. மூத்த மகன் தொறொன்றோவில், இளையவன் இலண்டனில், மகள் மெல்பேணில், பேரப்பிள்ளை சிங்கப்பூரில், தாய் ஹெவ்லொக் டவுனில் என்று வாழும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! ஒரு தாயின் மக்களை ஐந்து வலயங்களாகப் பிரித்துவைத்தது அந்தத் தேசப்படம். வரைந்தவர்க்கு நம்மைப் பற்றிய எண்ணமே இருந்திராது. ஆயினும், இலண்டனில் வாங்கிய வட்டொன்றை மகன் ஆசையோடு அனுப்ப, கொழும்பில் இருக்கும் பேர்பெற்ற கம்பனிப் பெட்டி, ‘இவ்வலயத்துக்கு உரியதன்று’ என்று திரையில் எழுதிக் காட்டி அதனை வெளியே தள்ளியது. கட்டிய விலைக்கு அப்பெட்டி காட்டிய விசுவாசம் கம்பனிக்கேயன்றி வீட்டுக்காரருக்கன்று.

வீட்டில் எடுத்த திருமண வட்டுக்கு வலயப் பூட்டு இல்லை. ஆனால் அதற்கு வேறோர் இடையூறு உண்டு. இலங்கைத் தொலைக்காட்சி ‘பால்’ என்னும் முறையைச் சார்ந்தது. அதில் ஒரு விநாடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றிலும் 576 வரிகள். கனடாவில் வழங்கிய ‘என்.ரீ.எஸ்.சீ.’ முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள், 480 வரிகள். வெள்ளவத்தையில் பதிவான திருமண வட்டைத் தொறொன்றோவில் இட்டால், அங்குள்ள பெயர்பெற்ற பெட்டிகள் பலவும் ஏற்க மறுத்தன.

மலிவுப் பெட்டியோ இவ்விரண்டு வேலியையும் பொருட்படுத்தவில்லை. சீனத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த அப்பெட்டிகளுட் பல எல்லா வலயத்து வட்டுகளையும் ஓட்டின. மற்றும் பல, றிமோட்டில் சில எண்களை ஒரு முறைப்படி அழுத்தினால் பூட்டுத் திறக்கும் வண்ணம் அமைந்திருந்தன. பாலையும் என்.ரீ.எஸ்.சீ.யையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரவும் அவை அறிந்திருந்தன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய பெட்டி, பெருங் கம்பனிகள் பிரித்ததை ஒரு கூடத்தில் ஒன்றுசேர்த்தது. மெல்பேணில் நடந்த பேத்தியின் அரங்கேற்றத்தைக் கொழும்பில் இருந்த பாட்டி கண்டது அதனாலே.

மற்றைக் குணங்கள்

இரண்டாவது குணம், பழையதை இகழாமை. 1993ஆம் ஆண்டு முதல் வழங்கிய வீ.சீ.டீ. வட்டு ஒன்று ஏறத்தாழ எழுபத்து நான்கு நிமிடமே கொள்ளும். ஆதலின் நம் திரைப்படங்கள் இரண்டு மூன்று வட்டுகளாக வந்தன. அவற்றையும், பாட்டு இறுவட்டுகளையும், எம்.பி.3 பாடல்களையும், கணினியில் எழுதிய வட்டுகளையும் மலிவுப் பெட்டி முகங்கோணாது ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது குணம் ஆசிரியர்க்கு உரியது. றிமோட்டில் ‘ஏ–பி’ என்றொரு விசை உண்டு. தொடக்கமும் முடிவும் குறித்துவிட்டால், இடைப்பட்ட பகுதியைப் பெட்டி சலியாமல் மீண்டும் மீண்டும் ஓட்டும். லகர ழகர ளகர வேறுபாட்டை மாணவர்க்குச் செவிவழி உணர்த்தவும், ஒரு கூத்தின் ஆட்டத்தைத் தாளத்தோடு அடியடியாக விளக்கவும் இதனினும் எளிய துணை இல்லை. இணையம் வேண்டா, மாதக் கட்டணம் வேண்டா, நடுவே விளம்பரமும் வாராது. வகுப்பறையில் ஒரு பாடத்தை நாற்பது பிள்ளைகளுக்கு ஒருசேரக் காட்டுதற்கு இச்சிறப்பு இன்றும் பயன்படும்.

நான்காவதாக, எழுத்தைப் பற்றிய ஒரு நுட்பத்தையும் கூறவேண்டும். டி.வி.டி.யின் அடிக்குறிப்பு எழுத்துகள் எழுத்தாகப் பதிவாவதில்லை; படமாகவே பதிவாகின்றன. அவ்வகைக் குறிப்பு 32 வரை ஒரு வட்டில் இடம்பெறலாம். ஆதலின் தமிழ் அறியாத பெட்டியும் தமிழ் அடிக்குறிப்பைப் பிழையின்றிக் காட்டும். ஆனால் அதே பெட்டியின் பக்கத்துத் துளையில் பென்டிரைவைச் செருகி, தமிழிற் பெயரிட்ட கோப்பைத் திறக்க முயன்றால், பெரும்பாலான பெட்டிகள் வெறுங் கட்டங்களையோ பொருளற்ற குறிகளையோ வரிசையாகக் காட்டும். தமிழைப் படமாகக் கொடுத்தால் ஏற்கும். எழுத்தாகக் கொடுத்தால் அறியாது. இதனைக் குணத்திற் சேர்ப்பதா குற்றத்திற் சேர்ப்பதா என்று ஐயுறுவோர் பாதி பாதியாகச் சேர்த்துக்கொள்க.

குற்றங்கள்

இனிக் குற்றங்களை ஆராய்வோம். முதலாவது, ஆயுட்குறைவு. லேசரின் ஒளி நாளடைவில் மங்குகிறது. முதலிற் கணினியில் எழுதிய வட்டுகளைப் படிக்க இயலாமற் போகும். பின்னர் அச்சிட்ட வட்டிலும் தடுமாறும். ஈற்றில் ‘வட்டு இல்லை’ என்று, உள்ளே இருக்கும் வட்டையே இல்லையென்று சாதிக்கும். மின்வழங்கியிலுள்ள மலிவான கொள்ளளவிகள் வெப்பத்தினால் ஊதிக் கெடுகின்றன. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக் காலத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. அவ்வாறு மின் போய் மீளும்போதெல்லாம் எழும் ஏற்ற இறக்கம், தரங்குறைந்த மின்வழங்கியைத் தாக்காமல் விடாது. கடலை அடுத்த வெள்ளவத்தையின் ஈரமும் உப்புக்காற்றும் தம் பங்குக்கு உதவி புரியும்.

ஹெவ்லொக் வீதியை அடுத்த ஓர் ஒழுங்கையில் இத்தகைய பெட்டிகளைப் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன்.

“ஐயா, இதின்ரை லேசர் களைச்சுப் போச்சு. புதுசு போடலாம், ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு பெட்டி வாங்கலாம்” என்றார்.

“தம்பி, இன்னொரு பெட்டி இன்னும் எத்தனை நாளைக்குக் கடையிலை கிடைக்கும்?” என்றேன்.

“அதுதான் ஐயா சொல்லுறன். பெட்டி ஓடேக்கையே வட்டுகளைக் கொப்பி எடுத்து வையுங்கோ.”

இதனினும் தெளிவான தீர்ப்பை நூல் வல்லாரிடத்தும் கேட்பது அரிது.

இரண்டாவது குற்றம், வெளியீட்டின் குறைபாடு. மலிவுப் பெட்டிகளுட் பல மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்னும் மூன்று கம்பிகள் வழியாகவே படத்தையும் ஒலியையும் அனுப்புகின்றன. இக்காலத்துப் பெரிய திரையில் அப்படம் மங்கலாகத் தோன்றும். புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் அக்கம்பியைச் செருகும் துளையே இல்லை. மூன்றாவது, பென்டிரைவிலுள்ள புதுமுறைப் படக்கோப்புகளைப் படிக்க இயலாமை. நான்காவது, மின் நின்றால் முன் நிறுத்திய இடத்தை மறத்தல்.

ஐந்தாவது குற்றம் பெட்டியினுடையதன்று, நம்முடையது. எதனையும் ஏற்கும் பெட்டி, களவாகப் பெருக்கிய திரைப்பட வட்டையும் ஏற்றது. சந்தியிலே மலிவாக விற்ற அவ்வட்டுகளால் உழைத்த கலைஞர் இழந்தது மிகுதி. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதனைத் தடுக்கவே செய்கிறது. வாயில் திறந்திருப்பது விருந்தினர்க்கும் வசதி, கள்வர்க்கும் வசதி. அதன்பொருட்டு விருந்தினரை மறுக்கும் வீடு வீடாகாது என்றே நான் கருதுகிறேன்.

மாணாக்கர் உவமை

நன்னூலார் மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பிரித்து உவமை கூறியதை ஆசிரியர்கள் அறிவார்கள். அவ்வுவமைகளை இப்பெட்டிகளுக்கு ஏற்றிப் பார்த்தால், தன் வலயத்து வட்டையன்றிப் பிறிதொன்றும் ஓட்டாத உயர்விலைப் பெட்டி கிளியை ஒக்கும். கற்பித்ததைத் திருத்தமாகச் சொல்லும், அதற்கு அப்பால் ஒரு சொல்லும் அறியாது. மலிவுப் பெட்டி புல்லைக் கண்ட இடத்தில் வயிறார மேயும் ஆவை ஒக்கும். ஆனால் நினைவு இல்லாமையால் அசைபோட அறியாத ஆ. அதுவே முதுமையுற்றுக் கண் மங்கிய காலத்தில், ஊற்றியதெல்லாம் ஒழுகும் இல்லிக்குடமாகிவிடும். தலைமாணாக்கனாகத் தொடங்கிக் கடைமாணாக்கனாக முடியும் இதனை என் செய்வது? அது தலைமாணாக்கனாய் இருக்கும் காலத்திலேயே வேலை வாங்கிக்கொள்வதே அறிவுடைமை.

ஏடு பெயர்த்தெழுதும் கடமை

குணமும் குற்றமும் நிறுத்தாயிற்று. குற்றங்கள் எண்ணிக்கையால் மிகுதி. ஆயினும் குணமே எடையால் மிகுதி என்பது என் துணிபு. என்னை? நம் வட்டுகளைப் படிப்பதே பெட்டியின் முதற்கடமை. அதனைப் பாகுபாடின்றிச் செய்தது மலிவுப் பெட்டி. ஆயுட்குறைவு என்னும் குற்றமோ, நாம் விழிப்பாக இருந்தால் தீர்வுடையது. விழிப்பாக இராவிட்டால், குணம் அனைத்தையும் அவ்வொரு குற்றமே விழுங்கிவிடும்.

ஏட்டின் வரலாறு இதற்குச் சான்று. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை சில நூற்றாண்டே நிற்கும். எனவே, சிதையுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதுவதை முன்னோர் வழக்கமாகக் கொண்டனர். பெயர்த்தெழுதப்பட்ட நூல் பிழைத்தது. எழுதப்படாத நூல் பெயர் மட்டும் எஞ்ச மறைந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடுகள் கைபட உதிரும் நிலையை அடைந்திருந்தன. இன்னும் ஒரு தலைமுறை தாழ்ந்திருந்தால் எத்தனை நூல்கள் கிட்டாமற் போயிருக்கும்! 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்திற் படி இருந்தவை மீண்டன. படி இல்லாதவை மீளவேயில்லை. 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து வருவது அவ்விழப்பு கற்பித்த பாடத்தின் பயனே.

நூலுக்குச் செய்வதை வட்டுக்கும் செய்யவேண்டிய வேளை வந்துவிட்டது. வீட்டிலும் படப்பிடிப்புக் கடையிலும் எழுதிய வட்டில் எழுத்தைத் தாங்குவது ஒருவகைச் சாயம். ஒளியும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். படிக்கும் கருவியும் அருகி வருகிறது. அமெரிக்காவில் 1998 முதல் தபால்வழி டி.வி.டி. வாடகைக்கு அனுப்பிவந்த நெற்ஃபிளிக்ஸ் கம்பனி, 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் அச்சேவையை முடித்துக்கொண்டது. மடிக்கணினிகளில் வட்டு இடும் வாயே மறைந்துவிட்டது.

ஹெவ்லொக் டவுனையே பாருங்கள். 1890 முதல் 1895 வரை இலங்கைத் தேசாதிபதியாய் இருந்த ஹெவ்லொக்கின் பெயரால் வழங்கும் இப்பகுதியில், வெள்ளவத்தை நூற்பு நெசவாலை நின்ற நிலத்திலே இன்று தொடர்மாடிகள் வானளாவி நிற்கின்றன. பழைய வீடுகள் இடிபட, குடும்பங்கள் மாடிகளுக்குக் குடிபெயர்கின்றன. அவ்வாறு பெயரும்போது முதலில் கழிக்கப்படுவது தூசி படிந்த டி.வி.டி. பெட்டி, அடுத்துக் கழிக்கப்படுவது அதனருகே இருக்கும் வட்டுப்பெட்டி. அவ்வட்டுப்பெட்டியினுள் போரிலே இல்லாமற்போன ஊரொன்றின் திருவிழா இருக்கலாம்; இன்று உயிரோடில்லாத அண்ணாவியார் ஒருவர் ஆடிய கூத்து இருக்கலாம். வேறெங்கும் அதற்குப் படி இல்லாதிருக்கலாம்.

ஆதலின் செய்யவேண்டியவை இவை. பெட்டியில் உயிர் இருக்கும்போதே வட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க. பெயர் எழுதாத வட்டுக்கு, உள்ளே இருப்பது யாருடைய நிகழ்வு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று உறையின்மேல் எழுதுக. முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே எழுதுக. வட்டின்மேல் ஒட்டுச்சீட்டு ஒட்டுவதும், குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதுவதும் ஆகா. கணினியோடு வெளியே இணைக்கும் வட்டுச்செலுத்தி கடைகளிற் கிடைக்கிறது. அதன்வழியே வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் படியெடுக்கலாம். கணினி ஏற்க மறுக்கும் கீறல் வட்டைச் சில வேளைகளில் மலிவுப் பெட்டி விக்கி விக்கியேனும் ஓட்டிவிடும். அப்பொழுது பெட்டியிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் பதிகருவி கொண்டு கணினியிற் பதிந்துகொள்ளலாம். எடுத்த படியை ஓரிடத்தில் மட்டும் வையாது, ஒன்றைக் கொழும்பிலும் ஒன்றைக் கடல் கடந்த பிள்ளையிடத்தும் வைக்க. நம் குடும்பங்கள் வலயந்தோறும் சிதறியிருப்பது துயரமே; ஆயினும் படி காப்பதற்கு அத்துயரமும் ஒரு வசதியாகட்டும்.

பாடசாலைகள் இப்பணியை மாணவர்க்கு ஒரு செயன்முறையாகக் கொடுக்கலாம். தமிழ்ச் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஒரு நாளைக் குறித்து, உறுப்பினர் தம் வட்டுகளைக் கொணர்ந்து படியெடுக்க வழிசெய்யலாம். ஒரு மேசை, ஒரு கணினி, பொறுமையுள்ள இரண்டு மாணவர், நன்றாக ஓடும் ஒரு மலிவுப் பெட்டி: வேண்டுவன இவ்வளவே.

மலிவுப் பெட்டி வாங்கலாமா என்று இன்று ஒருவர் கேட்டால் என் விடை இது: புதுப்படம் பார்ப்பதற்காயின் வேண்டா; அதற்கு நல்ல வழிகள் பல வந்துவிட்டன. வீட்டில் வட்டுகள் இருந்து, அவற்றைப் படிக்கக் கருவி இல்லையாயின், கிடைக்கும்போதே ஒன்றை வாங்குக. வாங்கிய அன்றே வேலையைத் தொடங்குக. அந்தக் கண் எந்த நாளில் மங்கும் என்று முன்கூட்டி அறிவார் எவருமில்லை.